சாப்பாட்டு வேளையில் ஓடிய பிராசஸர்

பிராசஸர் உச்சத்துக்குப் போய்விட்டால் முதலில் எதைத் திறந்து பார்ப்பது என்று புதிதாகச் சேர்ந்தவர்களில் யாராவது ஒருவர் கேட்காமல் இருந்ததில்லை. அதற்கான பதில் உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களிடம் ஒரு வரைபடம் இருக்கும், அதன் உச்சியில் ஒரு மனிதரின் பெயர் இருக்கும், உங்கள் மேலதிகாரி உங்களிடமிருந்து ஒரே ஒரு வரி எழுதி வாங்கக் காத்திருப்பார். அப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரும். எனக்கு அது ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு வந்தது.

அப்போது நான் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு டிசைன் கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவை நடத்திக்கொண்டிருந்தேன். மருத்துவமனைக் கருவிகளுக்கு வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிற மாதிரி வடிவம் அமைத்துக் கொடுப்பது கம்பெனியின் தொழில். பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு ஒரு பெரிய சர்வரில் எல்லோருக்கும் இடம் ஒதுக்கியிருந்தோம். வீட்டு லேப்டாப்பிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே வருவார்கள். வேலை நடப்பது சர்வரில். வீட்டுக்குப் போய்ச் சேர்வது திரையின் படம் மட்டும். ஒரே வீட்டில் பல குடித்தனம் போலத்தான். ஒருவர் குழாயை முழுக்கத் திறந்தால் மற்றவர் வீட்டில் தண்ணீர் சொட்டும்.

தணிகைவேல் எங்கள் மூத்த டிசைனர்களில் ஒருவர். சொந்த ஊர் குடியாத்தம், குடியிருப்பது அத்திபெலேயில். அங்கிருந்து பைக்கில் வந்து போய்க்கொண்டிருந்தவரை மேம்பாலத்துக்குக் கீழே சர்வீஸ் ரோட்டில் ஒரு டெம்போ இடித்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, காலுக்கு வெளியே இரும்புக் கம்பிகள் மாட்டியிருந்தார்கள். மாதக்கணக்கில் எழுந்து நடக்கக் கூடாது என்றார் டாக்டர். குறைப்பிரசவக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டர் ஒன்றின் வடிவமைப்பு அப்போது முடியும் தறுவாயில் இருந்தது. அதன் எல்லாப் பாகங்களையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு அவருடையது. காயம் ஆறுவதற்குள்ளாகவே, வீட்டிலிருந்து செய்கிறேன் என்று அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் உள்ளே வந்த நாளிலிருந்து சர்வர் திணறத் தொடங்கியது.

முதலில் குரல் கொடுத்தது நந்தினி. அதே குழுவில் வேலை செய்யும் கன்னடப் பெண். வீட்டில் சின்னக் குழந்தை, அது தூங்கும் நேரம்தான் அவளுடைய வேலை நேரம். அந்த நேரம் பார்த்து அவளுடைய திரை உறைந்துபோய், செய்து வைத்திருந்த வேலையெல்லாம் சேமிக்கப்படாமல் போயிற்று. குழுவின் சாட்டில் எழுதினாள்: "யாரோ ஒருத்தர் மொத்த சர்வரையும் சாப்பிடறாங்க. நாங்கல்லாம் எப்படி வேலை செய்யறது?"

அந்தக் கோபத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அவள் இழந்தது உண்மையான உழைப்பு. ஆனால் அந்த யாரோ யார் என்று பார்க்க எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. பார்த்தபோது, உள்ளே வந்திருக்கும் ஒவ்வொருவருடைய செஷனும் எவ்வளவு பிராசஸரை எடுக்கிறது என்ற வரிசையில் முதல் பெயர் தணிகைவேல்.

இன்குபேட்டரின் பெரிய முப்பரிமாண மாடலைத் திறந்திருக்கிறார், அதனால்தான் என்று முதலில் நான் சொன்னேன். அடுத்த நாளே கம்பெனியின் பாதுகாப்புக் குழுவிலிருந்து ஒரு பையன் லேப்டாப்போடு வந்து நின்றான். கெட்டிக்காரன், பெயர் கார்த்திக்.

"மேடம், இத பாருங்க. மதியம் சாப்பாட்டு டைம். கீபோர்டு அசையல, மவுஸ் அசையல. ஆளே இல்ல. ஆனா பிராசஸர் தொண்ணூறுக்கு மேல ஓடுது. டெய்லி இதே மாதிரி."

பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். தணிகைவேல் கை வைக்காத நேரத்தில் அவருடைய செஷன் முழு மூச்சாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் சந்தேகம் வந்தது.

அதற்குள் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. தணிகைவேலின் மச்சான் ஒருவர் ஓசூரில் சொந்தமாக டிசைன் ஆபீஸ் வைத்திருக்கிறாராம். பகலில் நம் வேலை, இடையில் நம் சர்வரிலேயே அவருக்கான படங்களை ஓட்டிக் கொடுக்கிறாராம். யார் முதலில் சொன்னது என்று கேட்டால் ஒருவரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

டெலிவரி மேனேஜர் மனோகர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கெட்டவர் இல்லை. வெள்ளிக்கிழமை இன்குபேட்டர் வடிவத்தை வாடிக்கையாளர் முன் வைக்க வேண்டும் என்ற கவலை அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

"ஜெசிந்தா மேடம், ஒரு மெயில் போதும். அவருக்குக் குடுத்த வேலைக்கும் இந்த யூஸேஜுக்கும் சம்பந்தம் இல்லன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டா மத்தத ஹெச்ஆர் பாத்துப்பாங்க. ஒரே லைன்."

"அது எனக்கு இன்னும் தெரியாதே சார்."

"கிராஃப் இருக்கே."

"கிராஃப் எவ்வளவுன்னு சொல்லுது. ஏன்னு சொல்லல."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஸ்வல்பம் என் நிலைமையும் யோசிங்க மேடம். ஒருத்தருக்காக மொத்த டீமும் நின்னு போயிருக்கு."

அதுவும் நியாயம்தான். அங்கே உட்கார்ந்திருக்கும்போது ஒன்று எனக்குப் புரிந்தது. இரண்டு வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தோம். டீமின் வலியைக் குறைப்பது ஒரு வேலை, காரணம் என்ன என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. முதல் வேலையை உடனே செய்துவிடலாம். அதற்கு யாரையும் குற்றவாளி ஆக்க வேண்டியதில்லை. தணிகைவேலின் செஷன் இவ்வளவுக்கு மேல் பிராசஸரை எடுக்கக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்துவிட்டால் மற்றவர்களின் திரை ஓடும். அதைச் செய்வதாகச் சொன்னேன். இரண்டாவதற்கு நாளைவரை நேரம் வேண்டும் என்றேன்.

"நாளைக்கு சாயங்காலம் எனக்கு யெஸ் ஆர் நோ வேணும்," என்றார்.

வெளியே வந்ததும் கார்த்திக் ஒரு யோசனை சொன்னான். அவருக்குத் தெரியாமல் அவருடைய திரையை நம் இடத்திலிருந்தே பார்க்க முடியும். கம்பெனி விதி அதற்கு இடம் கொடுத்திருந்தது. அந்த நிலைமையில் அது ரொம்பச் சுலபமான வழி.

நான் வேண்டாம் என்றேன். அவன் ஏன் என்று கேட்டான். இன்னொரு ஆள் பார்த்தால் அதே படத்தை சர்வர் இன்னொரு தடவை அனுப்ப வேண்டும், பிராசஸர் கணக்கும் தவறிப்போகும் என்று தொழில்முறையாக ஒரு காரணம் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் என் மனதில் இருந்தது வேறு. திரையில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துவிடும். திரைக்கு முன்னால் இருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று தெரியாது. எங்களுக்குத் தெரியாமல் போனதே அதுதான்.

தணிகைவேலுக்குப் போன் செய்தேன். வரம்பு வைக்கப் போவதைச் சொன்னேன்.

"ஸ்லோவாயிடுமா மேடம்?"

"ஆகும். மத்தவங்களுக்கும் ஓடணும் இல்லையா."

"ஓடணும் மேடம். வெய்யிங்க."

"நாளைக்கு வரம்ப எடுத்துட்டு மதியம் உங்க வீட்டுக்கு வரேன். எப்பவும் எப்படி வேலை செய்வீங்களோ அப்படியே செய்யணும். எனக்காக எதையும் மாத்தாதீங்க."

"வாங்க மேடம்," என்றார்.

மறுநாள் அத்திபெலேக்கு பஸ்ஸில் போனேன். கடைத்தெருவைத் தாண்டி, பிளைவுட் கடைக்குப் பின்னால் தரைத்தளத்தில் வீடு. கதவைத் திறந்தவர் அவர் மனைவி ரேவதி. வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர், தோளில் அளவு நாடா தொங்கியது. தண்ணீர் கொடுத்துவிட்டு, தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார்:

"மேடம், வேலைக்கு ஏதாச்சும் ஆயிடுமா? ரெண்டு நாளா இவரு சரியா சாப்புடறதில்ல. கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு."

"இன்னும் எதுவும் முடிவாகலைங்க. அதுக்குத்தான் நேர்ல வந்திருக்கேன்," என்றேன். அதற்கு மேல் நம்பிக்கை கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்தார். காலில் கம்பிகள், அதற்கடியில் இரண்டு தலையணை. கட்டிலின் கால்மாட்டில் ஒரு மேஜைமேல் பெரிய மானிட்டர் அவரைப் பார்த்தபடி இருந்தது. கீபோர்டு மார்பருகே ஒரு பலகையில்.

"நேராவே கேட்டுடறேன் மேடம்," என்றார். "என்னைப் பாக்க வந்தீங்களா, விசாரிக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான் தணிகை."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "உக்காருங்க," என்று நாற்காலியைக் காட்டினார்.

சொன்னபடியே வேலை செய்தார். அதிக நேரம் உட்கார முடியவில்லை. கொஞ்ச நேரம் சாய்ந்து உட்கார்ந்து வரைவார், வலி எடுத்ததும் படுத்துவிடுவார். சாப்பாட்டு வேளை வந்தது. ரேவதி தட்டில் சோறும் கீரைக்குழம்பும் கொண்டுவந்தார். தணிகைவேல் கீபோர்டைத் தள்ளி வைப்பதற்கு முன் ஏதோ ஒரு பட்டனைத் தட்டினார். திரையில் இன்குபேட்டர் முழுதாக நின்றது. மெல்லச் சுழல ஆரம்பித்தது. அதன் மூடி திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

அவர் படுத்தவாக்கில் தலையை மட்டும் உயர்த்திச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்னா நானே திருப்பித் திருப்பிப் பாப்பேன் மேடம். இங்க கை ஓஞ்சு போவுது. அதான் தானா சுத்த விட்டுட்டுப் பாக்கறேன். பாத்துக்கிட்டே இருந்தா ஏதாச்சும் ஒண்ணு கண்ணுல படும்." தட்டிலிருந்து விரலை எடுத்துத் திரையைக் காட்டினார். "அந்தக் கீல்கிட்ட பாருங்க. மூடி எறங்கும்போது அந்த ஆக்சிஜன் டியூப். இப்ப. நசுங்குது பாருங்க."

எனக்குத் தெரியவில்லை. இன்னொரு சுற்று வந்தபோது தெரிந்தது. மூடி இறங்குகையில் கீல் அந்த மெல்லிய குழாயின் மேல் உட்கார்ந்து எழுந்தது.

"சாஃப்ட்வேர் செக் பண்ணா ஓகேன்னு சொல்லுது மேடம். மூடி தெறந்திருக்கற நெலமைலதான் அது பாக்குது. முந்தாநேத்து படுத்துக்கிட்டு இருக்கும்போதுதான் இது எனக்கே தெரிஞ்சுது. உள்ள கொழந்த இருக்கும்ல."

நான் போனை எடுத்துக் கார்த்திக்கைக் கூப்பிட்டேன்.

"இப்ப அவர் செஷன் எவ்வளவு காட்டுது?"

"தொண்ணூத்து ரெண்டு மேடம். ஐடில்னு காட்டுது. ஆளு இல்ல."

"ஆளு இருக்காரு. சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. நான் பக்கத்துலதான் இருக்கேன்." தணிகைவேலிடம் திரும்பினேன். "அத நிறுத்துங்க."

சுழற்சி நின்றது. போனில் கார்த்திக், "எறங்கிடுச்சு மேடம். சுத்தமா," என்றான். மறுபடி சுழல விடச் சொன்னேன். ஏறிவிட்டது என்றான். மூன்றாவது முறை நான் கேட்கவில்லை, அவனே, "புரிஞ்சுது மேடம்," என்றான்.

உங்களுக்கு இதற்குள் காரணம் பிடிபட்டிருக்கும். அந்த மென்பொருளிலேயே எந்தக் கருவியைக் கொண்டு வரைகிறது என்று காட்டும் ஒரு பக்கம் உண்டு. அங்கேயே திறந்து பார்த்தேன். படம் வரைவதற்கென்றே இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டின் பெயரே அதில் இல்லை. சர்வரில் நல்ல கார்டு ஒன்று இருந்தது. ஆனால் ரிமோட் செஷன்களுக்கு அதைத் திறந்துவிடும் அமைப்பு, சர்வர் வந்த நாளிலிருந்து தொடப்படாமலே இருந்தது. ஆகவே மாடல் சுழலும் ஒவ்வொரு கணமும் படத்தை முழுக்கப் பிராசஸரே வரைந்தது. வரைந்ததைச் சுருக்கி அத்திபெலேக்கு அனுப்பும் வேலையும் அதன் தலையில்தான். மற்றவர்கள் சின்னச் சின்ன பாகங்களை வரைந்துகொண்டிருந்தவரை யாருக்கும் இது தெரியவில்லை. ஆபீஸில் இருந்தபோது அவருடைய மேஜைக்கு அடியில் இருந்த மெஷின் இதே சுழற்சியை அலுங்காமல் செய்திருக்கும்.

கிளம்பும்போது ரேவதியிடம், "அவர்மேல தப்பு இல்லைங்க," என்றேன். அவர் அளவு நாடாவைக் கையில் சுருட்டிக்கொண்டே வாசல்வரை வந்தார்.

மாலையில் மனோகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ யார் தப்பு?" என்றார். பழக்கம் அப்படி. ரிப்போர்ட்டில் ஒரு பெயர் வேண்டும். இந்த வேலைக்கு இந்த சர்வர் தயார் செய்யப்படவில்லை, அவ்வளவுதான் எழுத முடியும் என்றேன்.

"சரி, அந்த செட்டிங்க இப்பவே மாத்திடுங்க."

இதுதான் அந்த வாரத்தின் இரண்டாவது சிக்கல். காரணம் தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் கை துறுதுறுக்கும். ஒரே ஒரு அமைப்புதானே. ஆனால் அத்தனை பேர் வெள்ளிக்கிழமைக்காக வேலை செய்துகொண்டிருக்கும் சர்வரில் அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. தணிகைவேலின் பழைய மெஷின் அவருடைய மேஜைக்கு அடியில் அணைந்து கிடந்தது. அதை இயக்கி, ரிமோட் செஷனுக்குக் கார்டைத் திறந்துவிட்டு, அவரை மட்டும் அங்கே மாற்றிவிடலாம், சர்வரை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மனோகருக்கு அரைமனசுதான். சம்மதித்தார்.

அந்த மெஷினில் முதல் முயற்சியிலேயே ரிமோட் திரை கறுப்பாகிவிட்டது. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் பழசு. புதியதைப் போட்ட பிறகுதான் படம் வந்தது. சர்வரில் செய்திருந்தால் அந்தக் கறுப்பு எல்லோருடைய வீட்டிலும் விழுந்திருக்கும். அதை மனோகரிடம் நான் சொல்லவில்லை. கார்த்திக் சொல்லியிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை தணிகைவேல் கட்டிலில் இருந்தபடியே வாடிக்கையாளருக்குக் குழாய் நசுங்குவதைக் காட்டினார். அவர்கள் கீலின் இடத்தை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். மனோகர் அவரைப் பாராட்டிக் குழு முழுவதற்கும் மெயில் அனுப்பினார். அடுத்த வாரம் சர்வரையும் சரிசெய்தோம். பிராசஸரின் கோடு தரையோடு படுத்துக்கொண்டது. தணிகைவேல் மறுபடி எல்லோரோடும் அதே சர்வருக்கு வந்தார்.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். நம் தொழிலில் கோடு இறங்கினால் வேலை முடிந்தது என்று பழகிவிட்டோம்.

அவர் திரும்பி வந்த முதல் நாள் காலையில் குழுவின் சாட்டில் ஒரு செய்தி: "பெரிய மாடல் ஓப்பன் பண்றேன். யாருக்கும் ப்ராப்ளம் இல்லையே?" அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும். சாப்பாட்டு வேளைக்கு முன்னால் இன்னொன்று: "கொஞ்ச நேரம் சுத்த விடறேன். ஸ்லோ ஆனா சொல்லுங்க, நிறுத்திடறேன்."

போன் செய்து, கேட்கவே தேவையில்லை, இப்போது கார்டுதான் வரைகிறது என்று விளக்கினேன்.

"தெரியும் மேடம். நீங்க பண்ணது நல்லா ஓடுது." தயங்கிவிட்டுச் சொன்னார்: "ஆனாலும் கேட்டுட்டா நிம்மதியா இருக்கு. அந்த லிஸ்ட்ல மொதல்ல என் பேரு வந்துச்சில்ல. மச்சான் கதையும் காதுக்கு வந்துச்சு. இனிமே எதுவா இருந்தாலும் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டே செஞ்சுடறேன்."

அவருக்கு எதிராக யாரும் எதையும் எழுதவில்லை. எழுதாமலேயே இது நடந்திருக்கிறது. சர்வரில் நான் மாற்றக்கூடிய எந்த அமைப்பிலும் இதற்கு வழி இல்லை.

சில வாரங்கள் அப்படியே போயின. கேட்கிறவருக்குப் பதில் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சிலர் கட்டைவிரல் படம் போடுவார்கள், அவ்வளவுதான். ஒருநாள் நந்தினி என்னை அழைத்தாள். அவள் பேசும் தமிழில் கன்னடம் கலந்தே வரும்.

"மேடம், தணிகை டெய்லி கேக்கறாரு. நனகெ தும்ப பேஜாராகுது, ரொம்ப வருத்தமா இருக்கு. அன்னிக்கு கோபத்துல நான் போட்ட மெசேஜ்லதானே எல்லாம் ஸ்டார்ட் ஆச்சு."

"உன் கோபம் தப்பில்ல நந்தினி. உன் வேலை போச்சு, சொன்ன."

"ஆனா அவர் இன்னும் கேக்கறாரே."

"அத என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவர்கிட்ட சொல்லு."

அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை, தணிகைவேலின் வழக்கமான செய்தி வருவதற்கு முன்பே, எல்லோரும் பார்க்கும் அந்த சாட்டில் நந்தினி எழுதியிருந்தாள்: "தணிகை, கேளபேடி. ஓப்பன் மாடி. அன்னிக்கு நான் யாருன்னு தெரியாம எழுதினது உங்க மேல வந்து விழுந்துச்சு. சாரி." கேட்க வேண்டாம், திறந்துகொள்ளுங்கள் என்பதுதான் அந்தக் கன்னடம். அதற்குக் கீழே இன்னொருவர் "ஆமா தணிகை" என்று எழுதினார். பிறகு கார்த்திக். கடைசியாக மனோகரும் ஒரு வரி எழுதினார்: "நானும் சாரி தணிகை. உங்ககிட்ட நேரா கேட்டிருக்கணும்."

தணிகைவேலிடமிருந்து நெடுநேரம் பதில் வரவில்லை. நான் என் இடத்தில் உட்கார்ந்து சாட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஏதோ தோன்றி சர்வரின் செஷன் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அவருடைய செஷனில் இன்குபேட்டர் மாடல் ஏற்கெனவே திறந்திருந்தது.